அரைக்கிலோக் கல்

உள்ளே போயிருப்பது உங்கள் வீட்டம்மாதானே? பயப்படாதீர்கள் தம்பி. எனக்கு முன்னால் போன ஆள் கையை வீசிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அப்படித் தெரிந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டபிறகு எனக்கு எல்லோரும் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரிதான்.

நான் இந்த ஆப்பரேஷனுக்கு ஒத்துக்கொண்டதே ஒரு பொருளைப் பார்ப்பதற்காக. பேப்பர் படிக்க இல்லை. மூன்றாம் வகுப்போடு மாட்டுக்குப் பின்னால் போனவனுக்குப் பேப்பர் எதற்கு? ஒரு சின்ன இரும்புத் துண்டு. தோட்டுக்குத் திருகாணி இருக்கிறதே, அதைவிடக் கொஞ்சம் பெரிது. அதை லென்ஸ் வைத்து ஒரு தடவை பார்த்து, நாலு பேருக்கும் காட்டிவிட்டால் என் மேல் இருக்கும் பழி போய்விடும். யாரும் வாய்விட்டுச் சொன்ன பழி இல்லை. சொல்லாத பழிக்குத்தான் வேர் அதிகம். அதற்காகத் தேதி வாங்கினேன். நேற்று மத்தியானம் நஞ்சப்பன் வந்து, அந்தத் துண்டே இனிமேல் இல்லை என்கிறான். அதோ படிக்கட்டில் நின்று போன் பேசுகிற குரல், அவன்தான். எங்கள் கிளப் மேனேஜர். பட்டாளத்தில் இருந்தவன்.

துப்பாக்கி சுடுகிற கிளப், தம்பி. கோயம்புத்தூரில். முகம் சுளிக்காதீர்கள், ஆளைச் சுடுகிற துப்பாக்கி இல்லை. காற்றழுத்தத்தில் சுடுவது. மிளகு மாதிரி ஒரு குண்டு, பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அட்டை நடுவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான் விளையாட்டு. நான் தையல் மிஷின் மெக்கானிக். அட்டையை இழுத்துக்கொண்டு போய் வருகிற கப்பி சிக்கிக்கொண்டது என்று ஒரு நாள் கூப்பிட்டார்கள். போனேன், சரி செய்தேன். பக்கத்தில் ஒருவர் தன் பிஸ்டலின் டிரிகர் கரகரவென்று வருகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். கொடுங்கள் பார்க்கலாம் என்றேன். அன்றைக்குப் பிடித்த வேலை, கிளப்பில் எனக்கென்று ஓர் அறையே கொடுத்தார்கள். அறைக்குச் சாவியும் கொடுத்தார்கள்.

டிரிகர் எப்படி வர வேண்டும் தெரியுமா? பழுத்த இலை காம்பை விடுகிற மாதிரி. எப்போது விட்டது என்று மரத்துக்கே தெரியக்கூடாது. உள்ளே இரண்டு சின்ன இரும்புகள், ஒன்றின் விளிம்பில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்த விளிம்பைக் கல்லில் இழைத்துப் பதம் செய்வதுதான் என் வேலை. இழைப்பு குறைந்து போனால் கரகரக்கும், கூடிப் போனால் விளிம்பு மழுங்கி, நிற்கிற மாதிரி நின்று நழுவும். நான் கண்ணால் வேலை செய்கிறவன் இல்லை, தம்பி. விரலால். கண் பொய் சொல்லும், விரல் சொல்லாது.

போட்டியில் ஒரு சட்டம் உண்டு. டிரிகர் அரைக்கிலோவுக்குக் குறைந்த இழுப்பில் விட்டுவிடக்கூடாது. போட்டி நாள் காலையில் எல்லார் பிஸ்டலையும் ஒரு தடவை சோதிப்பார்கள், அது போதாதென்று சுட்டு முடித்தபின்னும் யாராவது சிலரைக் கூப்பிட்டு, பிஸ்டலை வானம் பார்க்கப் பிடித்து, டிரிகரில் அரைக்கிலோக் கல்லை மாட்டித் தூக்குவார்கள். கல் எழும்ப வேண்டும், டிரிகர் விடக்கூடாது. மூன்று தடவை வாய்ப்பு. மூன்றிலும் விட்டுவிட்டால் சுட்டதெல்லாம் தண்ணீரில் எழுதினதுதான். அதனால் பயந்தவர்கள் அரைக்கிலோவுக்கு மேலே கொஞ்சம் தாராளமாக இழுப்பு வைப்பார்கள். நான் வைக்க மாட்டேன். கல் தாங்க வேண்டும், அதற்கு மேல் ஒரு நூல். அதுதான் ஆறுச்சாமி வேலை.

தாரணி என்று ஒரு பெண். அவள் அப்பா கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளப்புக்கு வந்தாள். என்னைப் பெரியப்பா என்பாள். நான் அம்மிணி என்பேன். எனக்குப் பிள்ளை இல்லை. இருந்தால் அப்படி ஒன்று இருந்திருக்கும் என்று நினைத்ததுண்டு, அது என் மடத்தனம். தினமும் கேன்டீனிலிருந்து சுக்கு தட்டிப்போட்ட டீ கொண்டுவருவாள். சர்க்கரை போடாமல், நன்றாக ஆற்றி. சூடான தம்ளரைப் பிடித்தால் விரல் அப்புறம் கொஞ்ச நேரம் வேலைக்கு ஆகாது என்று நான் எப்போதோ சொன்னது.

ஆனால் அவள் புத்தி எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் இழைக்கும்போது கேட்காமலே வந்து டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள். மேசை விளக்கைச் சத்தமில்லாமல் என் பக்கம் திருப்பி வைப்பாள். தொழிலைக் கண்ணால் திருடப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் திருகு ஒன்று தவறிவிட்டது. நான் மேசையைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து நிமிர்ந்தது தெரிந்தது. திருகைக் கையில் கொடுத்து, "மேசை மேலயேதானுங்க இருந்துச்சு பெரீப்பா" என்றாள். பாருங்கள், எவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு பொய்.

இதற்கிடையில் என்மேல் இரண்டு புகார். ஒரு டாக்டர் பையன், நான் செய்துகொடுத்த டிரிகர் தானாக விடுகிறது என்றான். இன்னொரு அம்மாள், பிஸ்டலில் கீறல் என்றாள். பொறாமை, வேறென்ன. கிளப் கமிட்டி கூப்பிட்டது. "இன்னொரு புகார் வந்துச்சுன்னா ரூம் சாவியக் குடுத்தரோணும் ஆறுச்சாமி" என்றார்கள். வெளியே வந்தேன். தாரணி கதவோரம் டீயோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த அறை போனால் எனக்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். வீட்டுக்காரி போனபிறகு வீடு என்பது தூங்குகிற இடம்தான்.

அந்த வருஷம் குளிர்காலத்தில் வடக்கே பெரிய போட்டி. அதில் முன்னால் வந்தால் தேசிய அணி. தாரணி அப்போது நல்ல பதத்தில் இருந்தாள். அவள் டிரிகரை நான் புதிதாக இழைத்துக் கொடுத்தேன். கல்லைத் தூக்கிப் பார்த்தோம், நின்றது. அவள் கையைப் பிசைந்துகொண்டே நின்றாள்.

"கொஞ்சம் கூட வெச்சுக் குடுங்க பெரீப்பா."

"கூட வெச்சா உன்ற விரலு அதைத் தேடும். தேடற விரலு ஆடும்."

"அப்ப இன்னொருக்காத் தூக்கிப் பாத்தரலாமுங்களா?"

"தூக்குனதுல நின்னுச்சல்ல?"

"நின்னுதுங்."

"பின்னென்ன? தாலி கட்டினப்புறம் மாப்பிள்ளைக்குப் பல்லு எண்ணிப் பாப்பாங்களா?"

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இழுப்பைக் கூட்டிக் குறைக்கிற திருகின் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்தேன். அது என் வழக்கம். வீட்டுக்காரி விட்டுப்போன சிவப்பு பாட்டில். பொட்டு காய்ந்துவிட்டால் திருகு சீல் வைத்த மாதிரி. யாராவது தொட்டால் பொட்டு உடையும், எனக்குத் தெரிந்துவிடும்.

போட்டிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் அப்பாவே டிக்கெட் போட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு குளிர் பட்டதில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், நானும் நஞ்சப்பனும். எனக்கு அட்டையும் தெரியாது, எண்ணும் தெரியாது. நஞ்சப்பன் என் தொடையில் தட்டித் தட்டியே சொல்லிக்கொண்டிருந்தான். "ஏனுங்க, புள்ள இன்னைக்கு சாமி வந்த மாதிரி சுடறா. உங்க டிரிகருதான் சுடுது போங்க" என்றான். எனக்கு மார் விம்மிப்போயிற்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறவென்ன அவளா சுடறா?" என்றேன்.

சுட்டு முடித்தாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அப்போதுதான் ஒரு ஆபீசர் வந்து அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். கல்லுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றான் நஞ்சப்பன். நான் பயப்படவே இல்லை, தம்பி. தடுப்பு ஓரம் போய் நின்றேன். பிஸ்டலை நிமிர்த்திக் கல்லை மாட்டித் தூக்கினார்கள்.

டிக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஊர்ச் சந்தடியில் பெற்ற பிள்ளை இருமினால் தெரியாதா? மறுபடி தூக்கினார்கள். டிக். மூன்றாவது தடவை கல் தரையை விட்டு எழும்பவே இல்லை, அதற்குள் விட்டுவிட்டது.

ஆபீசர்கள் கூடிவிட்டார்கள். இந்தியில் என்னவோ கேட்டார்கள். நஞ்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எனக்குச் சொன்னான், டிரிகரை யார் வேலை பார்த்தது, எந்த கிளப் ஆள், பெயர் சொல்லு என்று கேட்கிறார்கள் என்று. சொல்லட்டுமே. என் பெயரைச் சொன்னால் நான் முன்னால் போய், உங்கள் கல்லைக் கொண்டுபோய் எடை போடுங்கள் என்று கேட்டிருப்பேன். கால் ஒன்று எடுத்து வைத்துவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர்களிடம் நாலு வார்த்தை சொன்னாள். நஞ்சப்பன் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா சொல்றா?"

"காலைல சோதனை முடிஞ்சப்புறம் அவளேதான் திருகைத் தொட்டாளாமுங்க. இழுப்பைக் குறைச்சாளாமுங்க. வேற யாருக்கும் தெரியாதுன்னு சொல்றா."

இதுதான் தம்பி. கல்லில் தோற்றால் அந்தப் போட்டியோடு போய்விடும். சோதனைக்குப் பிறகு வேண்டுமென்றே திருகைத் தொட்டேன் என்றால் அது திருட்டு. ஒரு வருஷம் எங்கேயும் சுடக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். அணியும் போயிற்று, அணியில் சேர்ந்தால் விளையாட்டுக் கோட்டாவில் கிடைக்க இருந்த போலீஸ் வேலையும் போயிற்று. பேராசை. சாமி வந்த மாதிரி சுடுகிற பெண்ணுக்கு இன்னும் குறைந்த இழுப்பு எதற்கு? என் வேலைமேல் கை வைத்தாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் தொட்ட?"

"தெரியாமத் தொட்டுட்டனுங்க பெரீப்பா. மன்னிச்சுக்குங்க."

"என்ற பொட்டை ஒடைக்க உனக்கு மனசு வந்துச்சா?"

நஞ்சப்பன்தான் பெட்டியைத் திறந்து பிஸ்டலை என் மடியில் வைத்து, "பொட்டு அப்படியேதானுங்க இருக்குது, பாருங்க" என்றான். விரலால் தடவினேன். உண்மைதான். உடையவில்லை. நான் வைத்த மாதிரியே, ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது, அதுவும் அப்படியே. அவள் வெடுக்கென்று பிஸ்டலை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நஞ்சப்பனை ஒரு பார்வை பார்த்தாள் போல, அவன் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டான்.

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். பொட்டைச் சுரண்டிவிட்டுத் திருகியிருக்கிறாள், அப்புறம் புதுப் பொட்டு வைத்திருக்கிறாள். அதே சிவப்பு, அதே இடத்தில் வழிசல். அவள் நகத்துக்குச் சாயம் பூசுகிறவளே இல்லை. இதற்கென்றே பாட்டில் வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இதை நான் நஞ்சப்பனிடம் சொன்னபோது, "நீங்க கண்ணைக் காட்டுங்க மொதல்ல" என்றான். நான் பொட்டைப் பற்றிப் பேசினால் அவன் கண்ணைப் பற்றிப் பேசுகிறான்.

ஊர் திரும்பியதும் கமிட்டியில் நானே போய்ச் சொன்னேன். என் வேலையில் குறை இல்லை, அந்தப் பெண் திருகைத் தொட்டிருக்கிறாள், அவளே ஒப்புக்கொண்டாள் என்று. எல்லோரிடமும் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். அவள் அப்பா பட்டறைக்குப் பக்கத்துப் பட்டறையில் சொன்னேன். ஒருத்தரும் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். தாரணி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தடை முடிந்த பிறகும் சுட வரவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக் கொடுக்கிறாள். நல்ல கை, தம்பி. அப்படி ஒரு நிதானமான கையை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

என் அறை என்னிடமேதான் இருந்தது. ஆனால் பிஸ்டல் வருவது நின்றுவிட்டது. வருகிறவர்கள் கப்பிக்கு எண்ணெய் விடுங்கள், பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள் என்பார்கள். டிரிகரை மட்டும் கொடுப்பதில்லை. எப்படிக் கொடுப்பார்கள்? அவள் செய்த திருட்டில் என் பெயரும் நனைந்துவிட்டதே.

எனக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான். அந்த டிரிகருக்குள் இருக்கும் துண்டு. அதன் விளிம்பு நேராக இருந்தால் என் வேலை சுத்தம், குற்றம் திருகில்தான். விளிம்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதைக் காட்டு என்று அவளிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "அது பெட்டியிலயே கெடக்கட்டும் பெரீப்பா" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதையேதான். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று தெரிந்தும் தர மாட்டேன் என்கிறவளுக்கு நெஞ்சில் என்ன இருக்கும், சொல்லுங்கள்.

கடைசியில் கண்ணும் ரொம்ப மங்கிவிட்டது. நஞ்சப்பன் இழுத்துக்கொண்டு வந்தான். இங்கே டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது இப்ப வந்ததில்ல. பல வருஷமா வளர்ந்து நல்லா முத்திப் போயிருக்கு. எப்படி வேலை பார்த்தீங்க?" என்றார். சின்னப் பெண், படித்ததைச் சொல்கிறது. எனக்கு மங்கினது போன வருஷம்தான். பின்னால் நின்ற நஞ்சப்பன் மூக்கை உறிஞ்சினான். பட்டாளத்துக்காரன், ஆஸ்பத்திரி வாடை ஆகாது.

தேதி கிடைத்ததும் நேரே தாரணி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். "எனக்குக் கண்ணு வரப்போகுது அம்மிணி. வந்ததும் மொத வேலையா கமிட்டி முன்னால அந்தத் துண்டை எடுத்து லென்ஸ்ல பாக்கப்போறேன். நீ குடுக்கலைன்னா கமிட்டியே கேட்டு வாங்கும்."

அவள் படியிறங்கி என் கிட்டே வந்தாள்.

"பாத்தே ஆவோணுங்களா பெரீப்பா?"

"பாத்தே ஆவோணும். சாவறதுக்குள்ள என்ற கை சுத்தம்னு நான் பாக்கோணும்."

"ஆப்பரேசன் என்னைக்குங்க?"

சொன்னேன். கண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் அலையாதீர்கள் என்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

நேற்று நஞ்சப்பன் வந்தான். அவள் அப்பா பட்டறைக்குப் போயிருக்கிறாள். பிஸ்டலைத் தானே கழற்றியிருக்கிறாள். அந்தத் துண்டை இடுக்கியில் பிடித்துச் சாணைச் சக்கரத்தில் வைத்துவிட்டாள். பொறி பறந்ததாம். மொத்தமும் தூளாகிற வரைக்கும் கையை எடுக்கவில்லையாம். அப்புறம் அந்தத் துண்டு இல்லாத பிஸ்டலைக் கிளப்பில் கொண்டுவந்து கொடுத்து, உதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கென்று இருந்த ஒரே பிஸ்டல். என்றைக்காவது மறுபடி சுட வருவாள் என்று நஞ்சப்பன் நம்பிக்கொண்டிருந்தான்.

ஆப்பரேஷன் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள், தம்பி. எனக்குக் கண் வருவதற்கு ஒரு நாள் முன்னால். இதைவிட வஞ்சம் உண்டா? குற்றம் உள்ளவர்கள்தானே தடயத்தை அழிப்பார்கள்? நஞ்சப்பனிடம் இதைக் கேட்டேன். "ஆமாங்க, குத்தம் இருக்கறதுனாலதான் அழிச்சா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். யாருடைய குற்றம் என்று சொல்லவில்லை. அவளுடையது என்று தனியாகச் சொல்லவா வேண்டும்?

ஏன் தம்பி மூக்கை உறிஞ்சுகிறீர்கள்? உங்களுக்கும் சளி பிடித்துக்கொண்டதா? இந்த ஏசிக் காற்று அப்படித்தான்.

இந்த ஃபிளாஸ்க் நஞ்சப்பன் வைத்துவிட்டுப் போனது. ஆப்பரேஷனுக்கு முன்னால் டீ குடிக்கலாம் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். யார் கொடுத்தது என்று நஞ்சப்பனைக் கேட்டேன், போன் வருகிறது என்று எழுந்து போய்விட்டான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். சுக்கு. எனக்கு வேண்டாம். நீங்கள் குடியுங்கள். சர்க்கரை இருக்காது. பயமில்லாமல் குடியுங்கள், சுடாது. ஃபிளாஸ்கில்கூட ஆற்றி ஊற்றுகிறவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

என் பெயரா கூப்பிடுகிறார்கள்? ஆறுச்சாமி என்றுதானே சொன்னார்கள்? சரி. இடுப்பில் எதுவும் இருக்கக் கூடாதாம், இதைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. கிளப் அறைச் சாவி. நஞ்சப்பன் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். எத்தனையோ பேர் பிடுங்கப் பார்த்த சாவி. ஒருத்தர் தயவும் இல்லாமல் இத்தனை நாளாய் நானே காப்பாற்றி வைத்திருக்கிறேன்.